பாக்கெட்டை மாற்றிக் கொடுத்தால் போதுமா?

கடையில் வாங்கிய தின்பண்டத்தில் கம்பித் துண்டோ, கண்ணாடிச் சில்லோ, செத்த பல்லியோ கிடந்தால் நம் ஊரில் என்ன நடக்கும்? கோபமாகக் கடைக்குப் போவோம். நாலு பேர் கூடுவார்கள். "தெரியாம வந்துருச்சுங்க, வேற எடுத்துக்கோங்க" என்பார் கடைக்காரர். பழைய பாக்கெட் அவர் கையால் குப்பைக்குப் போகும், புதுசு நம் கைக்கு வரும். நியாயம் கிடைச்சுருச்சுன்னு திரும்பிவிடுவோம். ஆனால் அங்கே குப்பைக்குப் போனது பத்து ரூபாய்ப் பண்டம் இல்லை, சாட்சி.

அத்திப்பட்டுப் பக்கம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அனல்மின் நிலையம், துறைமுகம், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று ஷிப்டுக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர்கள் இவை. சமைக்க நேரமில்லாமல் பன், பிஸ்கெட், பாக்கெட் பால், பொட்டலச் சோறு என்று வயிற்றைக் கழுவுகிறார்கள். அதில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மொழி தெரியாத ஊரில் யாரிடம் போய் முறையிடுவார்கள்? தூக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

தூக்கிப் போடாததால் என்ன வெளியே வந்தது என்பதற்கு மும்பையைப் பாருங்கள். 2024 ஜூனில் மலாடு பகுதியில் ஒரு மருத்துவர் ஆன்லைனில் வாங்கிய கோன் ஐஸ்கிரீமில் மனித விரல் துண்டு கிடந்தது. அவர் அதைக் கெடாமல் பத்திரப்படுத்திக் காவல் நிலையத்தில் கொடுத்தார். விசாரணை புனே மாவட்டம் இந்தாப்பூரில் உள்ள தயாரிப்பு ஆலைக்குப் போனது. அங்கே மே மாதம் ஒரு தொழிலாளிக்கு இயந்திரத்தில் விரல் துண்டாகியிருந்தது. மரபணுச் சோதனையில் விரல் அவருடையதுதான் என்று உறுதியானது. ஆலையின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது.

எல்லாரும் 'ச்சீ' என்று முகம் சுளித்த செய்தி அது. எனக்கு வேறொன்று உறுத்தியது. ஒரு மனுஷனுக்கு விரல் போயிருக்கிறது, சரக்கு மட்டும் நிற்காமல் வெளியே போயிருக்கிறது. பண்டத்தில் கிடக்கிற கம்பியும் போல்ட்டும் கையுறைத் துண்டும் பட்டறைக்குள் நடப்பதைச் சொல்லும் கடிதம் மாதிரி. சிப்காட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் கடைக்காரரை அடித்து உதைப்பதும் வேண்டாம். ஒட்டிய உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் டோனஹியூ என்ற ஏழைப் பெண்மணி, தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பீரைக் குடித்தார். உள்ளே பார்க்க முடியாத கறுப்புப் பாட்டில். அழுகிய நத்தை வந்தது என்று வழக்குப் போட்டார். காசு கொடுத்தவர் அவரில்லை, தயாரிப்பாளரோடு ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் குடிப்பவர் மேல் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று 1932-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. நம் நீதிமன்றங்களும் அந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசுகின்றன.

கடைக்காரர் மேல் பழி போடுவது கம்பெனிகளுக்கும் வசதி. 2003 அக்டோபரில் மகாராஷ்டிராவில் கேட்பரி சாக்லேட்டில் புழு கிடைத்தபோது, கடைகளில் சரியாக வைக்கவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். மாநில உணவு, மருந்து நிர்வாகம் விடவில்லை. அடுத்த சில மாதங்களில் கம்பெனி உறையையே மாற்றியது. கடைக்குக் கடை பாக்கெட்டை மாற்றி வாங்கிக்கொண்டு போயிருந்தால் இது நடந்திருக்குமா?

சரி, கையில் பண்டம் இருக்கிறது, என்ன செய்வது? யாராவது தின்றுவிட்டிருந்தால், வாய் கிழிந்திருந்தால், முதலில் மருத்துவமனை. சீட்டில் காரணத்தை எழுதச் சொல்லி வாங்குங்கள். பிறகு பண்டத்தைக் கழுவாதீர்கள், அந்தப் பொருளை வெளியே இழுக்காதீர்கள். உறையோடு அப்படியே படம் எடுங்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி, 14 இலக்க உரிம எண் மூன்றும் படத்தில் தெரியணும். ஈரப் பண்டம் என்றால் ஃப்ரீசரில் வையுங்கள். பில் இல்லையா? போனில் பணம் அனுப்பிய பதிவும் ஆதாரம்தான். உடைத்த பாக்கெட்டைக் காட்டினால் 'நீயே போட்டிருப்பே' என்பார்கள். அதனால் அதே பேட்ச் பாக்கெட் ஒன்றை உடைக்காமல் பில்லோடு வாங்கி வைப்பது நல்லது.

அப்புறம் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் புகார் அனுப்புங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தரணும் என்று சட்டம் சொல்கிறது. அயல்பொருள் கலந்த உணவுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உடம்புக்குப் பாதிப்பு என்றால் இழப்பீடு தனி. உயிர் போனால் 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருஷத்துக்குள். வக்கீல் கட்டாயம் இல்லை, சின்னத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதனால் அந்த ஒடிசாத் தம்பியும் திருவள்ளூரில் போடலாம். வழி தெரியாவிட்டால் 1915-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: "இத்தனை லட்சம் கொடு, இல்லைன்னா வீடியோ போடுவேன்" என்று கம்பெனியிடம் பேசாதீர்கள். மிரட்டிப் பணம் பறித்ததாக வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

இவ்வளவும் அடுத்தவருக்குச் சொன்னது. நம் சங்கதிக்கு வருவோம். நஞ்சில்லா அரிசி, பருப்பு விற்கிற நம்மில் பலர், வாங்கினவர் குறை சொன்னால் "இயற்கைன்னா அப்படித்தாங்க இருக்கும்" என்று சிரித்துச் சமாளிக்கிறோம். வண்டு விஷயத்தில் அது ஓரளவு சரி. குடோனில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகைமூட்டம் போட்ட பருப்பில் வண்டு இருக்காது; அதற்காக அது சுத்தம் என்று ஆகிவிடாது. ஆனால் கல்? கண்ணாடிச் சில்லு? சாக்கு தைத்த நைலான் நூல்? இதில் இயற்கை எங்கே வந்தது? தார் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, லாரி ஏறி இறங்கியதை அள்ளி மூட்டை கட்டினால் ரோட்டில் கிடந்ததெல்லாம்தான் வரும். களம் இல்லை என்பது உண்மையான குறை, அதற்கு ஊராட்சியிடம் சண்டை போடுவோம். பல்லுடைந்த பாட்டிக்கு அது பதிலாகாது.

பண்ணை அளவில் உழவர் விளைவிப்பதற்கு அந்த உணவுச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பிரிவே இருக்கிறது. அதே நெல்லை அரைத்து, மாவாக்கி, பாக்கெட் போட்டு விற்கும்போது நாமும் உணவு வணிகர்தான். பதிவும் பொறுப்பும் உண்டு. நம் பாக்கெட் பலவற்றில் பாரம்பரிய நெல்லின் பெருமை பத்து வரி இருக்கிறது, யார் வயல், எந்த மில், எப்போது அரைத்தது என்பது ஒரு வரிகூட இல்லை. குறை வந்தால் எந்த மூட்டையைத் திரும்ப எடுப்பது என்று நமக்கே தெரியாது.

இந்தச் சம்பா அறுவடையிலிருந்தாவது ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு சீட்டுப் போடுவோம்: ஊர், உழவர் பெயர், அறுத்த தேதி, அரைத்த மில், போன் நம்பர். குறை சொல்லி யாராவது கூப்பிட்டால் அதே சீட்டு போட்ட மற்ற மூட்டைகளை விற்காமல் நிறுத்தி, பிரித்துப் பார்த்துவிட்டு, என்ன கிடைத்தது என்று கூப்பிட்டவருக்கே போன் போட்டுச் சொல்வோம்.