சத்தம் போடாத கரண்ட்!



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டார். என்னத்தை எழுதறது என்று ஹாஸ்டல் அறையில் மல்லாந்து படுத்து யோசித்தேன். எதிர்ச் சுவரில் நான் ஒட்டி வைத்திருக்கும் படம் கண்ணில் பட்டது. ஒட்ட வெட்டிய முடி, லேசான தொப்பை, தூங்கி எழுந்த மாதிரி சாந்தமான முகம்! ஒரு நாள் அறைக்கு வந்த முதலாண்டுத் தம்பி ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது யாரு, உங்க மாமாவா?" என்று கேட்டான். அறையே சிரித்தது.

மாமா இல்லை தோழர்களே! அவர் பெயர் ஃபியோதர் எமெலியானென்கோ. ரஷ்யாக்காரர். கிட்டத்தட்ட பத்து வருஷம் ஒருத்தராலும் ஜெயிக்க முடியாமல் இருந்த ஹெவிவெயிட் சண்டை வீரர். பலசாலி என்றால் பார்த்தவுடனே தெரிய வேண்டும், நெஞ்சை நிமிர்த்த வேண்டும், நாலு பேரை முறைக்க வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது தப்பு என்பது என் கருத்து. அதற்கு இந்த மனிதரே சாட்சி!

நம்ம டிரேடுக்காரர்!

ஃபியோதர் பிறந்தது 1976 செப்டம்பர் 28ஆம் தேதி, அன்றைய சோவியத் யூனியனின் உக்ரைன் பகுதியில் உள்ள ரூபிஷ்னே என்ற ஊரில். அப்பா வெல்டர். அம்மா ஆசிரியை. குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது குடும்பம் ரஷ்யாவின் ஸ்தாரி ஓஸ்கோல் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. இரும்புத் தாதும் எஃகு ஆலையும் உள்ள தொழிலாளர் ஊர் அது. பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள்.

பள்ளிப் படிப்பு 1991ல் முடிந்தது. அதே வருஷம்தான் சோவியத் யூனியனும் முடிந்தது! பையன் தொழிற்பள்ளியில் சேர்ந்தான். 1994ல் சிறப்புத் தேர்ச்சியோடு எலெக்ட்ரீஷியனாக வெளியே வந்தான். ஆமாம் தோழர்களே, நம்ம டிரேடுதான்! டெஸ்டரும் கட்டிங் பிளையரும் பிடித்த கை அது.

1995 முதல் 1997 வரை ராணுவ சேவை. இதற்கிடையே சிறுவயதில் பிடித்த ஜூடோவையும் சாம்போவையும் விடவில்லை. சாம்போ என்பது 'ஆயுதமில்லாத தற்காப்பு' என்ற ரஷ்யச் சொற்களின் சுருக்கம். ஜப்பானுக்குப் போய் ஜூடோ கற்று வந்த வசிலி ஓஷெப்கோவ் போன்றவர்கள் வளர்த்த கலை இது. அந்த மனிதர் ஸ்டாலின் காலத்துச் சிறையில் 1937ல் உயிரை விட்டார். அடுத்த வருஷமே, 1938ல், சாம்போவை அரசாங்கம் விளையாட்டாக அங்கீகரித்தது! குருவைக் கொன்றார்கள், கலை மட்டும் தப்பியது.

ஃபியோதர் 1998ல் ரஷ்ய ஜூடோ போட்டியில் வெண்கலம் வாங்கினார். ஆனால் வெண்கலத்தை வைத்துச் சோறு பொங்க முடியுமா? அந்த வருஷம் ஆகஸ்டில்தான் ரூபிள் மதிப்பு சரிந்து ரஷ்யாவே தள்ளாடியது. கையில் சர்டிபிகேட், கழுத்தில் பதக்கம், பையில் காசு இல்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது! 2000ஆம் ஆண்டு அவர் எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டைக்கு வந்தது வெறியால் அல்ல, வயிற்றுப்பாட்டுக்காக.

அடித்தாலும் மாறாத முகம்

எம்.எம்.ஏ. என்றால் குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, உதைச்சண்டை எல்லாம் கலந்த விளையாட்டு. ரவுடிச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். நடுவர் உண்டு, மருத்துவர் உண்டு, விதிகள் உண்டு. எதிராளி தரையைத் தட்டினால் 'ஒப்புக்கொண்டேன்' என்று அர்த்தம். அடுத்த நொடியே பிடியை விட வேண்டும். இந்த விதியை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

2003 மார்ச் 16, யோகோஹாமா. 'பிரைட்' என்ற ஜப்பானிய அமைப்பின் ஹெவிவெயிட் சாம்பியன் பிரேசில்காரர் அந்தோனியோ ரோட்ரிகோ நோகெய்ரா. தரையில் படுத்துக்கொண்டே எதிராளியின் கையைப் பூட்டுவதில் மன்னன். அவரோடு தரைக்கே போகாதே என்பதுதான் எல்லோரும் சொன்ன புத்திமதி. ஃபியோதர் என்ன செய்தார்? அந்தத் தரைக்கே போனார்! நோகெய்ராவின் பிடிகளுக்கு நடுவிலேயே இருந்து குத்தி, பட்டத்தை வாங்கினார்.

அதே ஆண்டு ஜூனில் ஜப்பானியர் கசுயுகி புஜிதா விட்ட ஒரு வலது குத்தில் ஃபியோதரின் கால்கள் தள்ளாடின. நாமாக இருந்தால் ஆத்திரத்தில் பதிலுக்குக் கண்மண் தெரியாமல் வீசியிருப்போம். அவரோ எதிராளியை இறுகக் கட்டிக்கொண்டார். மூச்சு வாங்கி, தலை தெளிந்த பிறகு வேலையைத் தொடங்கினார். அந்தச் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் ஜெயித்தார்.

2004 ஜூன் 20ஆம் தேதி நடந்த சண்டையை நம் ஹாஸ்டலில் மொபைலில் பார்க்காதவர்கள் குறைவு. கெவின் ராண்டில்மன் என்ற அமெரிக்க மல்யுத்த வீரர் ஃபியோதரைப் பின்னாலிருந்து தூக்கித் தலை தரையில் மோதும்படி அடித்தார். "ஆள் காலி!" என்றுதான் யாரும் சொல்வார்கள். விழுந்தவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சண்டை தொடங்கி 1 நிமிஷம் 33 விநாடி ஆகும்போது ராண்டில்மனின் கை அவருடைய பூட்டில் இருந்தது. ஜெயித்த பிறகு ஆட்டம் போட்டாரா, கத்தினாரா? அதுவும் இல்லை!

2005 ஆகஸ்ட் 28ல் குரோஷியாவின் மிர்கோ குரோ காப். முன்னாள் போலீஸ்காரர். இடது கால் உதை பட்டால் ஆள் மயக்கம். அந்த உதைக்கு இடம் கொடுக்காமல் 20 நிமிஷமும் முன்னேறி நெருக்கியே ஜெயித்தார் ஃபியோதர்.

நான் எலெக்ட்ரிக்கல் மாணவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பொறி பறப்பதும் படபடவென்று சத்தம் போடுவதும் லூஸ் கான்டாக்ட்தான். ஒழுங்காக முறுக்கிய இணைப்பில் எத்தனை ஆம்பியர் போனாலும் வெளியே தெரியாது. நிறைகுடம் தளும்பாது என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதுதான்.

"அதெல்லாம் சரி, அவரு யு.எஃப்.சி.க்கே போகலையே?"

இது என் அறைத்தோழன் தினமும் எழுப்பும் வாதம். 2007ல் பிரைட் அமைப்பையே யு.எஃப்.சி. முதலாளிகள் வாங்கினார்கள். பெரிய வீரர்கள் பலர் அங்கே போனார்கள். ஃபியோதர் போகவில்லை. அவர் தரப்பு, நிகழ்ச்சியை இரண்டு பேரும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று கேட்டது. யு.எஃப்.சி. சம்மதிக்கவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அவருக்குக் கொஞ்சமும் ஈடில்லாத ஆட்களோடும் சில சண்டைகள் போட்டார். 2015 டிசம்பர் 31ல் மூன்று வருஷ ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது எதிரே நின்றவர் இந்தியாவில் பிறந்த ஜெய்தீப் சிங். கிக்பாக்சிங் வீரர், எம்.எம்.ஏ.வில் புதியவர். முதல் சுற்றிலேயே முடிந்தது. நம்ம நாட்டு ஆள் என்பதால் எனக்கும் வருத்தம்தான்!

ஆகவே, 'உலகத்திலேயே தலைசிறந்தவர் யார்' என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. என் வாதம் வேறு. பலத்தை என்ன செய்வது என்பதில் அவரிடம் பாடம் இருக்கிறது. அதற்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒரு வீடு, இரண்டு வழி

முதல் விஷயம் அவர் தம்பி அலெக்சாந்தர். சின்ன வயதில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அண்ணன்தான் அவரைப் பயிற்சிக்குக் கையோடு கூட்டிப்போவாராம். வளர்ந்தபோது அண்ணனைவிட உயரம், அண்ணனைவிட உடம்பு. அதே ஊர், அதே கலை. அவரும் பிரைட் வரை போனார். ஆனால் 2015ல் ஒரு பாலியல் குற்ற வழக்கில் மாஸ்கோ நீதிமன்றம் அவருக்கு நாலரை ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. ஒரே மெயின் லைனிலிருந்து இரண்டு கனெக்‌ஷன். ஒன்றில் பியூஸ் இருந்தது, இன்னொன்றில் இல்லை! கரண்ட் அதிகமாக இருந்தது குற்றமா? இல்லை. கட்டுப்பாடு இல்லாததுதான் குற்றம்.

இரண்டாவது, 2016 அக்டோபர். செச்சென்யாவின் தலைவர் ரம்சான் கதிரோவின் மூன்று மகன்கள் க்ரோஸ்னி நகரில் எம்.எம்.ஏ. மேடையில் இறங்கினார்கள். வயது 8, 9, 10! தலைக்கவசம் கூட இல்லை. நாடே டி.வி.யில் பார்த்தது. பலர் வாய் திறக்கப் பயந்தார்கள். அப்போது ரஷ்ய எம்.எம்.ஏ. சங்கத் தலைவராக இருந்த ஃபியோதர், "இது ஏற்க முடியாதது. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இதைப் பார்க்கவே கூடாது" என்ற கருத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். பதிலுக்குக் கதிரோவின் ஆட்கள் அவரைக் கடுமையாகத் தூற்றினார்கள். அவரும் ஆளும் கட்சி சார்பில் மாகாண சபைக்குத் தேர்வானவர்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சண்டையில் சோறு தின்றவரே 'பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்காதே' என்கிறார் பாருங்கள், அந்தச் சொல்லுக்குத்தான் எடை அதிகம்!

மூன்றாவது, தோல்வி. 2010 ஜூன் 26, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே. பிரேசில்காரர் ஃபப்ரீசியோ வெர்தும் ஆரம்பத்திலேயே கீழே விழுந்தார். ஃபியோதர் அவசரமாக மேலே பாய்ந்தார். வெர்தும் கால்களால் கழுத்தையும் கையையும் சேர்த்துப் பூட்டினார். 69 விநாடி! ஃபியோதர் தரையைத் தட்டினார். ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய ஆனை என்ன பேசியது என்பதுதான் முக்கியம். நடுவர் மேல் பழி இல்லை, உடம்பு சரியில்லை என்ற சாக்கு இல்லை. விழாதவன் எழுந்திருப்பதும் இல்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் இரண்டு தோல்வி தொடர்ந்து வந்தது. திரும்பவும் எழுந்தார். அரியர் வந்ததும் பேப்பர் திருத்தியவரைத் திட்டும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்

போன வருஷம் மெஸ் வரிசையில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "என்னடா முறைக்கிற?" "நீ என்னடா பாக்குற?" இவ்வளவுதான் ஆரம்பம். முடிவில் ஒருவனுக்கு வலது கை எலும்பு முறிந்தது. ப்ராக்டிகல் தேர்வு எழுத முடியாமல் ஒரு வருஷம் போச்சு. அவன் அப்பா ஊரிலிருந்து வந்து ஹாஸ்டல் வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றார். கையை நம்பிப் படிக்கிற படிப்பு நம்முடையது தோழர்களே!

சண்டை போட்டது இரண்டு பேர். சுற்றி நின்று "விடாதடா, போடுடா!" என்று கத்தியவர்கள் முப்பது பேர். அந்த முப்பதில் நானும் ஒருவன். என் சுவரில் அப்போதும் இதே படம்தான் இருந்தது. எதிராளி தரையைத் தட்டினால் விட்டுவிட வேண்டும் என்ற விதியைப் படத்தில் பார்த்துக் கைதட்டத் தெரிந்தது. நேரில் ஒரு பையன் "போதும்டா" என்று சொன்னபோது தடுக்கத் தெரியவில்லை. அன்றைக்கு நான் கட்டியிருக்க வேண்டிய பியூஸைக் கட்டவில்லை. இதை எழுதாமல் ஃபியோதரைப் புகழ எனக்கு யோக்கியதை கிடையாது.

அதனால் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழாவில் கபடி, கைப்பந்தோடு ஜூடோவையும் மல்யுத்தத்தையும் சேருங்கள். நடுவரை வையுங்கள். முறுக்கு இருக்கிறவன் மெத்தை மேல் காட்டட்டும். முதல் நாளே தரையைத் தட்டப் பழகட்டும், தட்டினால் விடவும் பழகட்டும். விடப் பழகியவன் மெஸ் வரிசையில் கை ஓங்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

2023 பிப்ரவரி 4ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஃபியோதர் கடைசியாக இறங்கினார். வயது 46. ரயன் பேடரிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். 48 சண்டையில் 40 வெற்றி, 7 தோல்வி, ஒன்று முடிவில்லாதது. கையுறைகளைக் கழற்றித் தரையில் வைத்தார். அப்போது கூண்டுக்குள் வந்து அவரைச் சுற்றி நின்றவர்களில், 2011ல் அவரைத் தோற்கடித்த டான் ஹெண்டர்சனும் இருந்தார், இரண்டு முறை அவரிடம் தோற்ற மார்க் கோல்மனும் இருந்தார். அடித்தவரும் அடிபட்டவரும் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றால், அவர் சம்பாதித்தது பெல்ட்டை மட்டும் அல்ல!

டிப்ளமோ முடித்து நாமும் ஒரு நாள் வெளியே போவோம். நம்மோடு படித்தவன் எங்கேயாவது நம்மைப் பார்த்தால் பக்கத்தில் வந்து நிற்பானா, எதிர்ப் பக்கம் போவானா? அதை இந்த மூன்று வருஷத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே முடிவு செய்யும்.

முதலாண்டுத் தம்பி, உனக்குப் பதில் சொல்லிவிட்டேன். படம் பிடித்திருந்தால் வந்து வாங்கிக்கொள். எனக்கு இது கடைசி வருஷம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை