எண்ணை அறிந்தார், எழுத்தை அறிந்திலர்

ஒரு மொழி மக்கள் வாயில் வாழ்ந்துகொண்டிருக்க, அதன் எழுத்து மட்டும் படிப்பாரற்று மாண்டுபோவதுண்டு. அவ்வாறு மாண்ட எழுத்தை மீண்டும் பேசவைக்க முயல்வோர், அம்மொழியைப் பேசும் மக்களையே மறந்துவிடின் என்ன நேரும் என்பதற்கு, நடு அமெரிக்காவின் மாயா எழுத்தினும் சிறந்த சான்று வேறில்லை.

1562ஆம் ஆண்டில் யுகாத்தான் நிலத்து மானி என்னும் ஊரில் ஒரு தீ மூட்டப்பட்டது. மூட்டியவர் தியேகோ தெ இலாந்தா என்னும் இசுபானியத் துறவி. மாயா மக்கள் மரப்பட்டைத் தாளில் எழுதி மடித்து வைத்திருந்த நூல்கள், பேயின் பொய்கள் எனப் பழிக்கப்பட்டுத் தீயிலிடப்பட்டன. அது கண்டு அம்மக்கள் பெரிதும் வருந்தினர் என்று எரித்தவரே எழுதி வைத்துள்ளார். ஒரு பெருநாகரிகத்தின் ஏடுகளுள் இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே.

ஆயினும் வரலாற்றின் முரணைக் காண்க. எரித்த கையே எழுத்தின் திறவுகோலையும் விட்டுச் சென்றது. தம் செயல்களுக்கு விடைகூற இசுபெயினுக்கு அழைக்கப்பட்ட இலாந்தா, 1566 அளவில் யுகாத்தானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் நாட்பெயர்களையும் திங்கட்பெயர்களையும் அவற்றுக்குரிய குறிகளோடு தந்தார். மாயா நெடுங்கணக்கு எனத் தாம் கருதிய ஒரு வரிசையையும் தந்தார். 'பே', 'சே' என இசுபானிய எழுத்துகளின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல, எதிரிலிருந்த மாயா எழுத்தர் தம் காதில் விழுந்த அசைக்குரிய குறியையே எழுதினார். எடுத்துக்காட்டாக ஒரு தொடர் வேண்டியபோது அவர் எழுதியது, 'மா இன் காத்தி' என்பது. 'எனக்கு விருப்பமில்லை' என்பது அதன் பொருள்! அடிமைப்பட்ட இனத்தின் எழுத்தர் ஒருவர் பகைவர் ஏட்டிலேயே பொறித்துச் சென்ற அச்சிறு தொடரை எண்ணுங்கால் நம் நெஞ்சு நெகிழாதிருக்குமோ?

அந்நூலின் படி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, 1862இல்தான் மத்திரித்து நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே மாயா எண் கண் திறந்துவிட்டது. 1832இல் அமெரிக்காவில் வாழ்ந்த இரபினெசுக்கு என்னும் இயற்கையாய்வாளர், மாயா ஏட்டிலுள்ள புள்ளி ஒன்றையும் கோடு ஐந்தையும் குறிக்கும் என்று கண்டு சொன்னார். அம்மட்டோ? இன்றும் பேசப்படும் மாயா மொழிகளே அவ்வெழுத்தைப் படிக்கத் துணையாகும் என்றும் அவர் கூறினார். முதற்கூற்று நிலைபெற்றது. இரண்டாம் கூற்றோ நூறாண்டுகளுக்கு மேல் உரிய மதிப்பைப் பெறவில்லை.

செருமனியின் திரெசுடன் நகரில் அரச நூலகத்தின் தலைவராயிருந்த எர்ணசுட்டு பர்சுதெமான், அங்கிருந்த மாயா ஏட்டை 1880இல் படியெடுத்து வெளியிட்டார். மாயா நிலத்தில் கால் வையாமலே, 1906இல் தாம் மறையும்வரை அவ்வேட்டோடு போராடி, அதன் காலக் கணக்கை வெளிக்கொணர்ந்தார். மாயர் இருபது இருபதாக எண்ணினர். சுழிக்கு ஒரு தனிக் குறி வைத்திருந்தனர். 260 நாள் சுற்றொன்றும் 365 நாள் ஆண்டொன்றும் கொண்டிருந்தனர். இவ்விரண்டும் தொடங்கிய இடத்தில் மீண்டும் ஒன்றுகூட 18,980 நாள், அஃதாவது 52 ஆண்டு ஆகும். இவற்றுக்கு மேல், பழந்தொடக்க நாளொன்றிலிருந்து கடந்த நாட்களையெல்லாம் தொடர்ந்து எண்ணும் நெடுநாட் கணக்கும் இருந்தது. வெள்ளிக்கோளின் சுற்றை 584 நாளெனக் கொண்டு, அவ்வைந்து சுற்றுகள் எட்டு ஆண்டுகளாகிய 2,920 நாட்களுக்கு இணையாதலையும் அவ்வேடு வரிசைப்படுத்தியிருந்தது. பின்னர் 1905இல் அமெரிக்க இதழாசிரியர் குட்மன், மாயா நாட்களை நம் ஆண்டுக் கணக்கோடு இணைக்கும் வழியை வெளியிட்டார். பிறரால் சற்றே திருத்தப்பெற்ற அவ்வழிப்படி, அக்கணக்கின் தொடக்கம் கி.மு. 3114 ஆகும்.

எழுத்தின் நிலையோ வேறு. இலாந்தாவின் நூலைக் கண்டெடுத்த பிரஞ்சுத் துறவி பிரசேர் தெ பூர்பூர், அவ்வரிசையை அப்படியே நெடுங்கணக்காகக் கொண்டு ஓர் ஏட்டைப் படிக்கப் புகுந்தார். கடலுள் மூழ்கிய 'மூ' என்னும் நாட்டின் கதை அதிலிருப்பதாக அறிவித்தார். ஏட்டில் அப்படி ஒரு கதையே இல்லை! முன்னரே உள்ளத்தில் வைத்திருந்ததை ஏட்டின்மேல் ஏற்றிப் படித்தார். நம்மவருள்ளும் 'மாயா' என்னும் பெயரொலியை 'மயன்' என்பதோடு ஒட்டவைத்து உறவு கொண்டாடுவார் உளர். பெயரொலி ஒப்புமை ஒன்றே இனவுறவுக்குச் சான்றாகாது. பிறர் பெருமையைப் பிறர்க்கே உரித்தாக்குவதுதான் தன்மதிப்புடையார் செயல்.

எண்ணை மட்டும் படிக்க முடிந்ததால், எழுதப்பட்டதெல்லாம் எண்ணே என்று அறிஞர் பலர் முடிவு கட்டினர். மாயா எழுத்து பேச்சொலியைக் குறிப்பதன்று, கருத்தையே குறிப்பது என்றார் எரிக்கு தாம்சன். அவர்தம் செல்வாக்கு 1975இல் அவர் மறையும்வரை எதிர்க்குரல்களை அமிழ்த்திற்று. கல்லில் பெயர் பொறித்த அரசரெல்லாம், காலத்தை வணங்கும் பெயரற்ற கணியர் ஆக்கப்பட்டனர்.

அம்மாயையை உடைத்தவர் உருசிய அறிஞர் யூரி குனோரோசோவு. இலாந்தா தந்தவை தனியெழுத்துகளல்ல, அசையெழுத்துகள் என்று 1952இல் அவர் நிறுவத் தொடங்கினார். ஏட்டில் வான்கோழிக்குரிய சொல்லின் முதற்குறி, இலாந்தா 'கு' எனக் காட்டிய குறியே. அச்சொல்லின் இறுதிக்குறியோ நாய்க்குரிய சொல்லின் முதலில் நின்றது. யுகாத்தான் மாயமொழியில் அவ்விரு பெயர்களும் அவ்வாறே ஓர் அசையைப் பகிர்ந்துகொள்கின்றன! ஏடு காட்டியதை மக்கள் வாய்மொழி உறுதிசெய்தது. 1960இல் தாத்தியானா புரோசுக்கூரியாகோவு, பியெத்ராசு நேக்ராசு கல்வெட்டுகளின் நாட்கள் அரசர்தம் பிறப்பையும் முடிசூட்டையும் குறிப்பவை என மெய்ப்பித்தார். பெயரற்றோர் மீண்டும் பெயர் பெற்றனர்.

அன்பர்களே, இவ்வரலாறு கூறும் உண்மை ஒன்றே. எண் எவர்க்கும் பொது. கூர்ந்து நோக்கும் அயலானுக்கும் அது தன்னைக் காட்டிவிடும். சொல் அத்தகையதன்று. அது தன்னைப் பேசும் மக்களின் வாய்வழியே திறக்கும். திறவுகோல் நூலகத்தில் மட்டுமா இருந்தது? சோளக் கொல்லைகளிலும் அடுக்களைகளிலும் ஒவ்வொரு நாளும் ஒலித்துக்கொண்டிருந்தது. கேட்கத்தான் செவியில்லை.

மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலும் ஏறத்தாழ முப்பது மாயா மொழிகள் இன்றும் பல இலக்கம் மக்களால் பேசப்படுகின்றன. குவாத்தமாலா மேட்டுநிலத்தில் 260 நாட்கணக்கை வழிவழியாக எண்ணி வருவோர் இன்றும் உளர். 1990இல் அந்நாட்டில் மாயா மொழிகளுக்கென ஒரு கழகம் சட்டவழி அமைந்தது. மாயா மக்களே தம் முன்னோர் எழுத்தைக் கற்று எழுதத் தொடங்கியுள்ளனர்.

ஏட்டை எரித்தவனால் எழுத்தை மறைக்க முடிந்தது. மொழியை மாய்க்க முடியவில்லை. மொழி மாளாததால் எழுத்தும் மீண்டது. மொழியும் மாண்டிருப்பின், எத்தனை பேரறிஞர் வந்தும் அக்கற்கள் கற்களாகவே இருந்திருக்கும். ஓர் இனத்தின் ஏட்டுக்கு இறுதிக் காவல் அவ்வினத்தின் நாவே என்று உணர்க!