முதுமலைக் கழுகுகள்

நீலகிரியின் வடபாகத்திலுள்ள முதுமலை வனம் 1940-ம் வருஷத்தில் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007-ல் புலிகள் காப்பகமாகவும் ஏற்படுத்தப்பட்டது. உதகையிலிருந்து மைசூர் செல்லும் ரஸ்தா அதன் நடுவே போகிறது. விடுமுறை நாட்களில் அங்கு மோட்டார் வண்டிகளுக்குக் குறைவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் யானையையும் புலியையும் நாடியே வருகிறார்கள். அவ்வனத்தை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில், நாட்டில் அருகிவிட்ட பிணந்தின்னிக் கழுகுகளாகிய பாறுகள் இன்னும் கூடு கட்டி வாழ்கின்றன என்பதை எத்தனை பேர் அறிவர்? திருக்கழுக்குன்றத்தில் நடுப்பகலில் வந்து அமுதுண்ட இரு பறவைகளை இன்று காண்பதற்கில்லை. மோயாற்றுப் பறவைகளுக்கும் அக்கதி நேராமற் காப்பது நமது கடமையன்றோ?

1992 முதல் 2007 வரையிலான பதினைந்து வருஷங்களில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. காரணம் தெரியாமல் பலரும் பலவாறு ஊகித்தனர். 2004-ல் லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் பாகிஸ்தானத்தில் இறந்த கழுகுகளைப் பரிசோதித்து உண்மையை வெளியிட்டனர். மாடுகளுக்கு வலி தீரக் கொடுக்கும் டைக்ளோபினாக் என்ற மருந்து, அம்மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவந்தது. 2006-ல் இந்திய சர்க்கார் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடுத்தனர். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பார் இல்லாதிருந்தால் இந்தத் தடை ஏற்பட்டிருக்குமா? நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பதெங்ஙனம்?

மனிதருக்கே வைத்தியசாலை போதாத தேசத்தில் கழுகுக்குச் செலவு எதற்கு என்று சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். 2024-ல் பொருளாதார நிபுணர்களான ஏயால் பிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சியை அவர்கள் கவனிப்பார்களாக. கழுகுகள் அழிந்ததன் பயனாக 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் ஐந்து லட்சம் மனிதர் அதிகமாக மாண்டனர் என்பது அவர்களுடைய கணக்கு. தின்பாரின்றி அழுகிய பிணங்கள் நீரைக் கெடுத்தன; வெறிநாய்க்கடியும் பெருகியது. கழுகைக் காப்பது மனிதரைக் காப்பதேயாகும்.

ஒரு மருந்தைத் தடுத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் என்ற வேறிரண்டு மருந்துகளையும் 2023-ல் தடுக்க நேர்ந்தது. முதுமலையைச் சுற்றிய கிராமங்களில் இறக்கும் மாடுகளின் உடலில் எந்த மருந்து இருக்கிறதென்பதை இடைவிடாமல் சோதித்து வரவேண்டும். ஆற்றோரத்து நீர்மருத மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு வருஷத்திற்கு ஒரு முட்டைதான் இடும். ஜன நடமாட்டத்தால் அக்கூடு கைவிடப்பட்டால் அந்த வருஷமே வீண். வண்டிகளை எவ்வளவு தூரத்தில் நிறுத்தலாம், எந்த மாதங்களில் எந்த வழியை அடைக்கலாம் என்பவற்றை அளந்து அறியாவிடில், பாதையை அடைக்கும் அதிகாரியும் அதை எதிர்க்கும் விடுதிக்காரரும் இருவருமே ஊகத்தின்மேல் வழக்காடுவோராவர்.

பணத்திற்கு வழியில்லாமலில்லை. புலிகள் காப்பகந்தோறும் ஓர் அறக்கட்டளை அமைக்க, 2006-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தருகிறது. பார்வையாளர் செலுத்தும் கட்டணத்தில் நிர்ணயமான ஒரு பங்கு, குறைந்தது பத்து வருஷத்திற்குக் கழுகு ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்படவேண்டும். அதன் கணக்கும் முடிவுகளும் வருஷந்தோறும் தமிழில் பிரசுரமாக வேண்டும். வனத்தைக் கண்டு மகிழ வருகிறவர் அவ்வனத்தின் காவலுக்குச் சிறிது கொடுப்பது நியாயமே. தமிழ்நாடு சர்க்கார் இதைத் தாமதமின்றிச் செய்வார்களென்று எதிர்பார்க்கிறோம். செய்யும்வரை கேட்டுக்கொண்டிருப்பது ஜனங்களின் பொறுப்பு.