அட்டாலியில் ஒரு நீலப்பூத் தட்டு

அட்டாலியில் வேண்டாத சாமான்களோடு நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டோ, ஜாடியோ கிடக்கிறதா? பழைய சாமான்காரரிடம் போடுமுன் ஒரு நிமிஷம் பொறுங்கள், சகோதரிகளே!

வெள்ளைப் பீங்கானில் நீலச் சித்திரம் தீட்டுவதில் பேர் போனவர்கள் சீனர்கள். ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகளை 1980-களில் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா ஆராய்ந்திருக்கிறார்.

ஜப்பானில் இந்தத் தொழில் ஆரிட்டா என்ற ஊரில் தொடங்கியது. கொரியாவிலிருந்து வந்த குயவர் ஒருவர் 1616 வாக்கில் அங்கே பீங்கானுக்கேற்ற வெள்ளைக் கல்லைக் கண்டெடுத்தாராம். 1644-ல் சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்து சரக்கு குறையவே, டச்சுக் கம்பெனியார் ஜப்பானிடம் வாங்க ஆரம்பித்தார்கள். அதே கம்பெனிக்கு நம் பழவேற்காட்டில் கோட்டை இருந்தது. இங்கே அவர்கள் வாங்கியது என்ன தெரியுமோ? பருத்தித் துணி!

தட்டுகளில் பைன் மரம், மூங்கில், பிளம் பூ மூன்றையும் சேர்த்து வரைவார்கள். குளிருக்கு அஞ்சாதவை என்பதால் அவை மங்கலமாம். நம் கோலத்துத் தாமரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சாயம் போகிற கதை எங்கள் திருப்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்த நீலம் மட்டும் ஏன் வெளுப்பதில்லை? கோபால்ட் கலவையால் வரைந்து, மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்து, சுமார் 1,300 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். கருப்பாகச் சூளைக்குள் போகும் கோடு நீலமாக வெளியே வரும். நிறம் பூச்சுக்கு அடியில் இருப்பதால் தேய்த்தாலும் போகாது.

இளம் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள் சித்திரம் விரலுக்கு மேடாகத் தட்டுப்பட்டால், அது பூச்சுக்கு மேலே தீட்டியது. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம். புளியும் எலுமிச்சையும் ஊறுகாயும் அதைக் கரைத்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பெரிய கேடு. ஆகவே வயசு தெரியாத பழைய பீங்கானும், விரிசல் விட்டதும், நீலமே ஆனாலும் சாப்பாட்டுக்கு வேண்டாம். அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். கம்பி நார், சாம்பல் கூடவே கூடாது. துடைக்கப் பழைய பனியன் துணியே உத்தமம்.

அடியில் ஆங்கிலத்தில் ஜப்பான் என்று இருந்தால் அது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்குப் பிந்தியது. இருந்தாலென்ன? யார், எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று மாமியாரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி, தட்டோடு வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.