போர்ட் பெரிதானால் போதுமா?

"சிலிண்டர் ஹெட்டின் இன்டேக் போர்ட்டைக் குடைந்து அகலமாக்கு, கண்ணாடிபோல் பாலிஷ் போடு, கார் பறக்கும்" என்கிறார் நண்பர். இதில் பாதிகூட உண்மையில்லை.

காற்றுக்கு எடை உண்டு. பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி மேலே திரும்பிய பிறகும், வால்வு மூடும்வரை காற்று உள்ளே நுழைவது அதன் வேகத்தால்தான். போர்ட் அகலமானால் அந்த வேகம் குறையும். குறைந்த சுற்றில் சிலிண்டர் சரியாக நிறையாது, இழுவை போய்விடும். திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே இரண்டாம் கியரில் ஊர்கிற காருக்கு வேண்டியதே அந்த இழுவைதான். உச்சச் சுற்றில் கூடும் குதிரைத்திறனை அங்கே எங்கே செலவழிப்பது?

உண்மையான நெரிசல் வால்வு சீட்டில் இருக்கிறது. வால்வு தன் விட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு எழும்பும்வரை அதன் ஓரத்து இடைவெளிதான் குறுகல். சீட்டை மூன்று கோணங்களில் வெட்டுங்கள்; அதையொட்டிய உட்பக்க வளைவைச் சீராக்குங்கள். பலன் அங்கேதான். பாலிஷ்? கார்புரேட்டர் வண்டியில் இன்டேக் சுவர் லேசாகச் சொரசொரப்பாக இருப்பதே நல்லது. வழவழப்பில் பெட்ரோல் படிந்து வழியும்.

கோவை கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி போன்ற பந்தயக் கார் உச்சச் சுற்றிலேயே ஓடுவது. அந்த ஓட்டத்தில் பெரிய போர்ட்டுக்கு இடமுண்டு, அதுவும் கேம், எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்ந்து மாறினால். ஃப்ளோ பெஞ்சில் காற்றோட்டத்தை அளக்காமல் கிரைண்டரை எடுப்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். சுவர் மெலிந்து தண்ணீர்ப்பாதை உடைந்தால், பெரும்பாலும் புது ஹெட்தான் வாங்க வேண்டும்.