பனிக்குடம் உடைந்தது எத்தனை மணிக்கு?

"வத்துர கியாத? கீயடத?"

தண்ணி போச்சா, எத்தனை மணிக்கு என்று கேட்கிறார் மிஸ்ஸி. பிரசவ வார்ட் வாசலில் நின்ற அத்தான் ஹட்டன் பக்கத்துக்காரர். கடைக்குப் போய் வருகிற அளவுக்குத்தான் சிங்களம். "உதே" என்றார். காலையில். அவர் சொல்ல வந்தது, காலையில் லயத்திலிருந்து புறப்பட்டோம் என்று. டிக்கட்டில் ஏறியது, காலை 6 மணிக்குப் பனிக்குடம் உடைந்தது என்று.

உண்மையில் உடைந்தது முந்தின இரவு 11 மணிக்கு.

இது எங்களில் ஒருத்தியின் அக்காவுக்கு நடந்தது. பெல்மதுளைக்கு மேலே ஒரு தோட்டம். தோட்டத்தின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் நாங்கள் எழுதப் போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் பிழை அந்தப் பெயரோடு முடிந்துவிடும். ஒரு மிஸ்ஸியைத் திட்டிவிட்டு எல்லாரும் நிம்மதியாகப் படுத்துவிடலாம். அந்த ஏழு மணித்தியாலத்தை ஒரு ஆள் மட்டும் தின்னவில்லை.

எப்படிப் போனது என்று வரிசையாகச் சொல்கிறோம். இரவு 11 மணி. நாள் கணக்கு சரியாகத்தான் இருந்தது, 38 வாரம். தண்ணி வந்தது, வலி வரவில்லை. அம்மா சொன்னார், "வலி வந்தாத்தான் போகணும், சும்மா போனா ஏசித் திருப்பி அனுப்பிருவாங்க." அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படி நடந்திருக்கிறது. 1 மணிக்கு அத்தான் தோட்டத்து லொறியைக் கேட்கப் போனார். சாவி டிரைவரிடம், டிரைவர் ஊரில். சந்தியில் இருந்த த்ரீவீல் அண்ணன் அந்த ரோட்டில் இருட்டில் ஏற முடியாது, விடியட்டும் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை, ரோடு அப்படி. காலை 6 மணிக்குப் புறப்பட்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே பார்த்துவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வார்ட்டுக்குள் போகும்போது பகல் 12.

மாலை 5 மணிக்கு, பார்க்க விடுகிற நேரத்தில், எங்கள் தோழி போனாள். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். டிக்கட்டைப் பார்த்தாள். டிக்கட்டின்படி 11 மணித்தியாலம். அக்காவின் உடம்பின்படி 18. ஒருமுறை எழுதினதை யாரும் அக்காவிடம் திரும்பக் கேட்கவில்லை. தோழி டொக்டரிடம் சொன்னாள். சொன்ன உடனே அவர் நேரத்தை வெட்டி மாற்றி எழுதினார், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றினார்கள், வலி வரவைக்கிற சேலைனும் போட்டார்கள். விடியுமுன்னே பிள்ளை பிறந்தது. கிருமித்தொற்று இருக்கலாம் என்று சில நாள் பேபி யூனிட்டில் வைத்து ஊசி போட்டார்கள். இப்போது தாயும் பிள்ளையும் நலம். நலமாக இருப்பதால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

சரி, ஏழு மணித்தியாலம் என்ன அவ்வளவு பெரிய விசயமா?

நிறைமாதத்தில் நூற்றில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு வலி தொடங்குமுன்னே பனிக்குடம் உடைகிறது. இது அபூர்வமும் இல்லை, அதனாலேயே பயப்படவும் வேண்டியதில்லை. அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு 24 மணித்தியாலத்துக்குள் வலி தானாகவே வந்துவிடும். அப்படியென்றால் காத்திருக்கலாமா? இருக்கலாம். கனடாவிலிருந்து நடத்தப்பட்டு 1996இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 5,041 பெண்களை வைத்து இதையேதான் கேட்டது: உடனே மருந்து கொடுத்து வலியை வரவைப்பதா, நாலு நாள் வரை பொறுத்துப் பார்ப்பதா? பிள்ளைக்கு வரும் தொற்றிலும், சிசேரியன் எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. உடனே மருந்து ஏற்றிய தாய்மாருக்குத் தொற்று குறைவாக இருந்தது. ஆகவே பொறுத்திருப்பதும் ஒரு வைத்திய முறைதான்.

ஆனால் அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று பாருங்க. முதலில் சோதிக்கிறார்கள். பிள்ளையின் தலை கீழே இருக்கிறதா, இதயத்துடிப்பு சரியா, வந்த தண்ணி தெளிவா இல்லை பச்சையா, தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா. அதற்குப் பிறகுதான் "பொறுத்திருப்போம்" என்ற சொல்லே வருகிறது. பொறுத்திருக்கும்போதும் காய்ச்சலையும் பிள்ளையின் அசைவையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஏனென்றால் நேரம் ஓட ஓட, உடைந்த குடத்து வழியாகக் கிருமி மேலே ஏறுகிறது. 18 மணித்தியாலம் தாண்டினால் பிள்ளைக்குத் தொற்று வரும் ஆபத்து கூடுதல் என்று பல நாட்டு வழிகாட்டிகள் கணக்கெடுக்கின்றன. இந்தக் கணக்கு முழுக்க ஒரே எண்ணில் நிற்கிறது: உடைந்த நேரம். அந்த எண் பிழைத்தால் அதற்கு மேலே கட்டின எல்லாமே பிழை.

லயத்தில் அக்கா இருந்ததை யாரும் காத்திருப்பு என்று சொல்ல வேண்டாம். அது காக்க வைத்தது. யாரும் காய்ச்சல் பார்க்கவில்லை, பிள்ளைத் துடிப்பைக் கேட்கவில்லை, சாவிக்காக இருந்தார்கள், வெளிச்சத்துக்காக இருந்தார்கள். பார்த்துக்கொண்டு காத்திருப்பது வைத்தியம். பார்க்க ஆளில்லாமல் காக்க வைப்பது அலட்சியம். நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்: "கொஞ்சம் பொறுங்க."

பார்க்காமல் காக்க வைத்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் ஒருமுறை அயர்லாந்தில் பார்த்தது. சவீதா ஹலப்பனவர், கர்நாடகத்துப் பெண், பல் வைத்தியர், வயது 31. 2012 ஒக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில், கோல்வே நகர ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவருக்குப் பனிக்குடம் உடைந்தது. அந்தப் பிள்ளை பிழைக்காது என்று தெரிந்திருந்தது. கர்ப்பத்தைக் கலைக்கச் சொல்லிக் கேட்டார். பிள்ளையின் இதயம் துடிக்கும்வரை முடியாது என்றார்கள், சட்டம் அப்படி. காக்க வைத்தார்கள். 28ஆம் திகதி, இரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றால் இறந்தார். பிறகு வந்த விசாரணை, காப்பாற்றியிருக்கக்கூடிய 13 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டதை எண்ணிச் சொன்னது. உடம்புச் சூட்டையும் நாடியையும் ஒழுங்காகப் பார்க்காததும் அதில் வருகிறது. 2018இல் அந்த நாடு வாக்கெடுப்பு நடத்திச் சட்டத்தையே மாற்றியது. நம் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்க மட்டும்தான் கருக்கலைப்பு என்று இன்றைக்கும் நிற்கிறது.

அக்காவுடையது நிறைமாதம், சவீதாவுடையது அப்படியில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இதைக் கவனிங்க: சவீதா படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், நகரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவர். அவருக்கே காத்திருப்பைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. மலைக்கு மேலே, இரவு 1 மணிக்கு, லொறிச் சாவி இல்லாத இடத்தில் எங்கள் அக்காமாருக்கு என்ன இருக்கிறது?

"இப்ப யாரு லயத்துல பெத்துக்கிறா? எல்லாரும் ஆஸ்பத்திரியிலதானே" என்பார்கள். உண்மை. இலங்கையில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. நல்ல விசயம், பெருமைப்படலாம். ஆனால் அந்த எண் பிள்ளை எங்கே பிறந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. தண்ணி போய் எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு தாய் வந்து சேர்ந்தாள் என்று சொல்வதில்லை. எங்கள் அக்காவும் அந்த 99இல் ஒருத்தி. அறிக்கையில் அவள் வெற்றி.

தோட்டத்தில் நேரத்தை எழுதத் தெரியாது என்று நினைக்காதீங்க. பெரட்டுக்கு வந்த நேரம் எழுதுவார்கள். கொழுந்து நிறுத்த நேரம் எழுதுவார்கள், கிலோவையும் எழுதுவார்கள், தண்ணிக்கு என்று கழிப்பதையும் எழுதுவார்கள். கொழுந்து வாடிவிடும் என்று லொறி நேரத்துக்கு வருகிறது. பொம்பளையிடமிருந்து தண்ணி போனால் எழுத ஒரு கொப்பி இல்லை, ஏற்ற ஒரு லொறி இல்லை.

இது நேற்று வந்ததுமில்லை. 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே, பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கிறதா என்று பார்க்கிற பொறுப்பைத் தோட்டத்துத் துரையிடம் கொடுத்தது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளிடம் போனது. வெள்ளைக்காரத் துரை, அரசாங்கத் துரை, கம்பனித் துரை. இரவு 11 மணிக்கு வாகனத்துக்கு யாரைக் கேட்பது என்ற கேள்வி மட்டும் இடம் மாறவில்லை. நாட்டின் மற்றப் பெண்ணுக்கு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ரோடு இருக்கிறது. எங்கள் பெண்ணுக்கு நடுவே தோட்டம் இருக்கிறது.

அடுத்தது மொழி. "சப்ரகமுவத் தமிழருக்குச் சிங்களம் நல்லாத் தெரியுமே" என்பார்கள். கடையில் தெரியும், பஸ்ஸில் தெரியும், பலர் சரளமாகவும் பேசுவார்கள். ஆனால் பயந்து நடுங்கி நிற்கிற ஒரு ஆளிடம், கல்யாணம் கட்டி வெளியூரிலிருந்து வந்த ஒரு ஆளிடம், உயிர்ப் பிரச்சினைக்கான கேள்வியைப் புரியாத மொழியில் கேட்டுவிட்டு, வந்த ஒரு சொல்லை அப்படியே எழுதுவது என்ன முறை? 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வடக்கு கிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கலாம், பதில் பெறலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. பிரசவ வார்ட் வாசலும் அரச அலுவலகம்தான். அங்கே கேட்பது சலுகை இல்லை.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான கட்டுரை ஆகாது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, மலையகம் 200 என்று நாங்களும் பக்கம் பக்கமாக எழுதினோம். காணி, சம்பளம், முகவரி என்று எல்லாம் கதைத்தோம். பனிக்குடம் என்ற சொல் எங்கள் கூட்டங்களில் ஒருநாளும் வந்ததில்லை. அது பொம்பளைங்க விசயம், பாட்டிமார் பார்த்துக்கொள்வார்கள். அத்தானுக்கு அந்த நேரம் முக்கியம் என்றே தெரியாது. தெரிந்திருந்தால் "உதே" என்று சொல்லியிருக்க மாட்டார், கையில் மணிக்கூட்டைக் காட்டியாவது புரியவைத்திருப்பார். கம்பெடுத்துக் கம்பனியை அடிக்கிற கையால் கிளினிக் கொப்பியைத் திறந்து பார்க்க எங்களுக்கு வெட்கம்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய கோட்டை இல்லை. கிளினிக் கொப்பியில் "தண்ணி போன நேரம்" என்று தமிழில் ஒரு கட்டம் வேண்டும், அதை வீட்டிலேயே நிரப்பச் சொல்லித் தர வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் இரவில் வாகனத்துக்கு யார் பொறுப்பு என்று பெயரும் போன் நம்பரும் லயத்துச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். சாவி டிரைவரோடு ஊருக்குப் போகக் கூடாது. பிரசவ வார்ட்டில் இரவிலும் தமிழில் கேட்டு எழுத ஒரு ஆள், அதுவும் முடியாவிட்டால் போனிலாவது ஒரு ஆள். வலி இல்லாமல் வந்தவளை ஏசக் கூடாது. ஏச்சுக்குப் பயந்துதான் அம்மாமார் வலி வரும்வரை பிடித்து வைக்கிறார்கள்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது இது. தண்ணி போனால் முதலில் நேரத்தைப் பாருங்க, கையிலாவது எழுதுங்க. துப்புரவான துணி வைங்க, நிறமும் மணமும் பாருங்க. யாரும் உள்ளே கைவிட்டுப் பார்க்கக் கூடாது. வலிக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க. பொறுக்கலாமா இல்லையா என்று அங்கே சொல்லட்டும். தண்ணி பச்சையாகவோ நாற்றமாகவோ இருந்தால், இரத்தம் போனால், காய்ச்சல் வந்தால், பிள்ளை அசைவது குறைந்தால், கொப்பூழ்க்கொடி வெளியே தெரிந்தால், 37 வாரம் ஆகியிருக்காவிட்டால் ஒரு நிமிசமும் தாமதிக்க வேண்டாம். 1990க்கு அடியுங்க. அந்த அம்புலன்ஸ் 2016இலிருந்து ஓடுகிறது, காசு இல்லை. லயம் வரை ஏற முடியாவிட்டால் எந்தச் சந்திக்கு வரும் என்று கேட்டுவிட்டு அங்கே இறங்குங்க.

வார்ட் வாசலில் சொல்ல ஒரு வசனத்தையும் எங்கள் தோட்டத்து ஆம்பளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். அத்தான்தான் முதல் மாணவன். "வத்துர கியா. ரே எகொலஹட." தண்ணி போச்சு, இரவு பதினொன்றுக்கு. மணியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். தமிழில் கேட்க ஒரு ஆள் வாசலில் வந்து நிற்கிற அன்றைக்கு இந்தப் பாடத்தை நிறுத்திவிடுவோம்.