முட்டைக்குக் குழு இருக்கு… பஸ்ஸுக்கு?



நம்ம நாமக்கல் முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன ஊர். பண்ணைக்காரர்கள் தனித்தனியா நின்னு நஷ்டப்படக் கூடாதுன்னு 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொடங்கப்பட்டது. இன்றும் நாமக்கல் மண்டல முட்டை விலையை அந்தக் குழுதான் அறிவிக்கிறது. ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்தால் என்ன லாபம் என்பது நம்ம ஊருக்குத் தெரிந்த விஷயம். பஸ்ஸும் ரயிலும் மட்டும் ஏன் ஆளுக்கொரு பக்கம் ஓடணும்?

நம்மகிட்ட வண்டி இல்லாமல் இல்லை. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனோம். 2013-ல் நாமக்கல் வழியாகச் சேலம் - கரூர் ரயில் ஓட ஆரம்பித்தது. 2024-ல் முதலைப்பட்டியில் புது பஸ் ஸ்டாண்ட் வந்தது. ஆனால் ரயில் நேரம் ரயில்வே கையில், அரசு பஸ் போக்குவரத்துக் கழகத்தின் கையில், தனியார் பஸ் முதலாளிகள் கையில், பஸ் ஸ்டாண்ட் மாநகராட்சி கையில். எல்லா நேரத்தையும் ஒன்றாக எழுதிய ஒரே ஒரு பலகையை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

இதில் கஷ்டப்படுவது யார்? கார், பைக் இருப்பவர்கள் அல்ல. நம்ம இலவச பாஸ் அரசு பஸ்ஸில்தான் செல்லும். 2021 முதல் பெண்களுக்குக் கிடைக்கும் இலவசப் பயணமும் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில்தான். ஒரு கிராமத்துக்கு அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் எட்டு மணிக்கே முன்னும் பின்னுமா வந்துட்டுப் போய், அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றுமே வரலேன்னா பாஸ் இருந்து என்ன பயன்? சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கடைசி டவுன் பஸ்ஸை விட்டால், "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு தூரம் போய் என்ன படிப்பு?" என்று வீட்டில் பேச்சு வரும். அன்றைக்குத் தவறுவது பஸ் மட்டுமல்ல, படிப்பும்தான்!

"புது பஸ்ஸுக்குப் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். நான் புது பஸ் கேட்கவில்லைங்க. இருக்கிற பஸ்களின் நேரத்தைச் சேர்த்து எழுதத்தான் கேட்கிறேன். சுவிட்சர்லாந்தில் 1982-லேயே நாடு முழுக்க ரயில்களுக்கு ஒரே சீரான கால அட்டவணை போட்டார்கள். அங்கே மலைக் கிராமத்துக்குப் போகும் மஞ்சள் பஸ்கூட ரயில் நேரத்துக்குத் தக்கபடிதான் புறப்படும். சென்னையில் இதற்கென்றே 2010-ல் சட்டம் வந்தது. 2025-ல் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்க வழி வந்துவிட்டது. சின்ன ஊர்க்காரங்க மட்டும் என்ன பாவம் செய்தோம்?

"கலெக்‌ஷன் குறையும்" என்று தனியார் பஸ்காரர்கள் பயப்படலாம். நியாயம்தான். ஆனால் ஒரே நேரத்தில் ரெண்டு பஸ் போட்டி போட்டால் டீசல் செலவுதான் மிச்சம். நேரத்தைப் பிரித்துக்கொண்டால் ரெண்டு பஸ்ஸுக்கும் ஆள் கிடைக்கும்.

பஸ்ஸுக்குப் பர்மிட் தரும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். ஒவ்வொரு ஆண்டும் ஜூனில் பள்ளி திறக்கும் முன்பு, அவர் எல்லாத் தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கட்டும். பள்ளி மணியும் ரயில் மணியும் பார்த்து நேரம் போடட்டும்.

நாமும் சும்மா இருக்க வேண்டாம். எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை மணிக்கு பஸ் என்று வகுப்புக்கு ஒரு தாளில் எழுதுவோம். தலைமை ஆசிரியர் மூலம் ஆட்சியருக்கு மனுவாக அனுப்புவோம். கணக்கோடு கேட்டால் பதில் சொல்லியே ஆகணும்.

நேரம் ஒன்று சேரட்டும்! நம் படிப்பு கரை சேரட்டும்!

- பிளஸ் ஒன், 'ஆ' பிரிவு